பாலாலயம் செய்யாத குடமுழுக்கு

விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொள்கிற வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு தவணை கொடுத்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலும் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளை ஒட்டிய வீடுகளிலும் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிற கணினிக்கும் இந்தத் தேதி பொருந்தும். அதற்குள் என்ன இருக்கும்? முந்தானைக்கும் கரைக்கும் வரைந்து வைத்த டிசைன்கள், டேலியில் கூலிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்த மனுக்களின் நகல், கல்யாணப் படங்கள், காலமான தாத்தா எப்போதோ உட்கார்ந்து தட்டச்சு செய்த குடும்ப வரலாறு. திரையில் ‘மேம்படுத்தட்டுமா?’ என்று ஒரு பொத்தான். அதை எப்படி அழுத்துவது என்பதைப் பத்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். அழுத்திய பிறகு உள்ளே இருப்பவற்றைக் காப்பது யார் என்பதை அவன் சொல்ல மாட்டான். அது சமயக் கேள்வி. இந்த ஊர் அதை எழுநூறு ஆண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறது.

குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் கிளைக்குக் கிளை தாவினாலும் பிடியை விடாது. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது. தாய் அதன் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் வைக்கும். வைணவத்தில் வடகலை நிலைப்பாட்டை முதல் உவமையாலும் தென்கலை நிலைப்பாட்டை இரண்டாம் உவமையாலும் சொல்வது வழக்கம். காஞ்சி வரதராஜர் கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் வரை போன சண்டையாகத்தான் இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கேலியில் உண்மையான கேள்வி மறைந்துபோனது. காப்பவன் இறைவனே என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. காக்கப்படுகிறவன் தன் பங்காக ஏதேனும் செய்ய வேண்டுமா, சரணடைதல் என்ற அந்தச் சின்னஞ்சிறு செயலாவது அவனுடையதாக இருக்க வேண்டுமா, அதுவும் வேண்டாமா என்பதில்தான் வேறுபாடு. ஒரு தரப்பு, அருள் பாய ஒரு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, வேண்டும் என்றது. மற்றது, அதைக்கூட எதிர்பார்த்தால் அருள் வியாபாரமாகிவிடும் என்றது. இரண்டும் ஆழமான நிலைப்பாடுகள். ஆனால் அன்றாட வாழ்வில் நாம் பூனைக்குட்டி உவமையைத்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறோம், அதையும் நம் சோம்பலுக்கு வசதியாக. ‘பார்த்துக்குவான்’ என்று சொல்லிப் பொத்தானை அழுத்துகிறோம். அந்த ‘பார்த்துக்குவான்’ ஒரு நாள் பெருமாள், மறுநாள் மைக்ரோசாஃப்ட், அதற்கு மறுநாள் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கிற தம்பி.

இந்த உவமைகளுக்கு உரிய இரண்டு ஆசாரியர்களும் உண்மையில் நெருக்கடி வந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. இறைவன் ஒருவனே உபாயம், நம் முயற்சி குறுக்கே நிற்கக்கூட வேண்டாம் என்று எழுதிய பிள்ளைலோகாசாரியர் அப்போது தள்ளாத முதியவர். பூனைக்குட்டித் தத்துவத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அவர் சந்நிதியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரங்கன் தன்னைத் தானே காத்துக்கொள்ள மாட்டானா? அவர் உட்காரவில்லை. உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகத் தெற்கே நடந்தார். மதுரைக்கு அருகில் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். காஞ்சியின் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் அதே தாக்குதலில் செய்ததாக மரபு சொல்வது இன்னும் உற்றுப் பார்க்கத்தக்கது. சுதர்சன சூரி தம் பிள்ளைகள் இருவரையும், ராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்குத் தாம் எழுதிய சுருதப்பிரகாசிகை என்னும் உரையின் ஓலைச்சுவடியையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து, இரவில் எழுந்து, சிறுவர்களையும் சுவடியையும் காப்பாற்றிக்கொண்டு கர்நாடகத்தின் சத்தியாகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார் தேசிகர். இன்று அந்த உரையைப் படிக்கிறவர்கள் அந்த ஓலைக் கட்டுக்குக் கடன்பட்டவர்கள். ஒருவர் விக்கிரகத்தைத் தூக்கினார், மற்றவர் கோப்பைத் தூக்கினார். தத்துவத்தில் எதிரெதிர்த் திசை பார்த்த இரண்டு மரபுகளின் முன்னோர்களும் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று வந்ததும் ஒரே திசையில் நடந்திருக்கிறார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: சரணாகதி பற்றிய விவாதம் உயிரின் கதியைப் பற்றியது, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணுவதற்கு அதில் விலக்குச் சீட்டு எவருக்கும் கிடையாது.

நம்பிப் பொத்தானை அழுத்துவதில் என்ன தவறு, கோடிக்கணக்கானவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். 2018 அக்டோபர் 2ஆம் தேதி விண்டோஸ் 10க்கு 1809 என்ற எண்ணுள்ள பெரிய மேம்பாடு வெளியானது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். மேம்படுத்திய சிலரின் கணினிகளில் சொந்தக் கோப்புகள் காணாமல் போயிருந்தன. காரணம் வேடிக்கையானது. ‘டாக்குமெண்ட்ஸ்’ போன்ற ஃபோல்டர்களைச் சிலர் வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் பழைய இடத்திலும் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மிஞ்சியிருந்தது, அதற்குள் கோப்புகளும் இருந்தன. புதுப்பதிப்பு அந்தப் பழைய ஃபோல்டரை வெறும் மிச்சம் என்று கருதி, உள்ளே என்ன என்று பார்க்காமலே துடைத்தது. இப்படிப் புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கலாம். திருத்திய பதிப்பு நவம்பர் 13ஆம் தேதி மறுபடி வந்தது. ஆனால் அந்த ஒருவரிடம் போய் மீதி 9,999 பேர் நலம் என்று சொல்வதில் என்ன பயன்? தாய்ப்பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கவ்வுகிறது. நிறுவனம் சராசரியைக் கவ்வுகிறது. இறைவனுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு பண்பை, அதாவது ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிந்து காப்பதை, ஒரு மென்பொருள் மீது ஏற்றிச் சொல்வதைப் பக்தி என்று சொல்ல முடியாது. ஆள் மாறாட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரான முடிவுக்குப் போகிறவர்களும் உண்டு: ஆபத்து என்றால் மேம்படுத்தவே வேண்டாம், ஓடுகிற வரை ஓடட்டும். பழையதை அப்படியே வைத்திருப்பது பாதுகாப்பு என்ற நினைப்பு கோயில் ஊர்க்காரர்களுக்கு இயல்பாக வரக்கூடியது. ஆனால் கோயில் சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. சிதைந்ததைச் சிதைந்தபடியே விடுவது ஆகமத்தில் குற்றம். ஜீர்ணோத்தாரணம் என்று தனிப் பகுதியே அதற்கு இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணியும் குடமுழுக்கும் வேண்டும் என்ற வழக்கம் அதன் தொடர்ச்சி. கணினியிலும் அப்படியே. 2017 மே 12ஆம் தேதி பரவிய வான்னாகிரை என்ற மிரட்டல் நச்சுநிரல் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த மார்ச் மாதமே வந்திருந்தது. திருத்தத்தைப் போடாதவர்களும், திருத்தமே வராத பழைய பதிப்புகளில் இருந்தவர்களும்தான் மாட்டினார்கள். கதவு இற்றுப்போன கருவறையில் விக்கிரகத்தை வைத்துக்கொண்டு, ‘நாங்கள் எதையும் மாற்றுவதில்லை’ என்று பெருமை பேசுவதற்கு ஒப்பானது அது.

ஆனால் திருப்பணி எப்படி நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கருவறையில் கை வைப்பதற்கு முன் பாலாலயம். மூலவரின் சக்தியைக் கும்ப நீருக்கு இறக்கி, அங்கிருந்து பிரகாரத்தில் அமைத்த சிறிய இடத்தில் ஒரு மரப்பலகைப் படத்திலோ சிறு உருவிலோ ஏற்றி, பூசை அங்கே தொடரும். அதற்குப் பிறகுதான் கருவறையில் உளிச்சத்தம் கேட்கும். வேலை முடிந்ததும் சக்தி திரும்பவும் குடத்துக்கு வந்து, குடத்திலிருந்து மூலத்துக்குப் போகும். எங்கும் நிறைந்தவன் என்று நம்புகிற ஒரு சமயம் இவ்வளவு முன்னேற்பாடு செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பரம்பொருள் கல்லில் மட்டும் இல்லை என்று ஓதுகிற அதே வாய்தான், பாலாலயம் இல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்காதே என்றும் சொல்கிறது. அழியாததில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்கள்தான் அழியக்கூடியதை இவ்வளவு கவனமாகக் கையாண்டிருக்கிறார்கள். நம் வீடுகளிலோ பாலாலயம் செய்யாமல் நேரே குடமுழுக்கு.

தறியிலும் இதற்கு ஒரு கூர்மையான பாடம் இருக்கிறது. ஒரு பாவு தீரும்போது அதன் கடைசி இழைகளை நெசவாளி அறுத்து எறிவதில்லை. அவை விழுதுகளின் வழியாகவும் பண்ணையின் பற்கள் வழியாகவும் கோத்தபடி தறியிலேயே நிற்கும். புதுப்பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றை விரல் நுனியில் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைத்து முடிந்ததும் மெல்ல இழுத்தால், புதுப்பாவு பழைய வழியிலேயே ஊர்ந்து வந்து சேரும். எதையும் மறுபடி கோக்க வேண்டாம். கணினியில் ‘கோப்புகளும் நிரல்களும் அப்படியே இருக்கட்டும்’ என்று தேர்ந்தெடுத்து மேலேயே மேம்படுத்துவது இந்த வகை. எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக நிறுவுவது, விழுதையும் பண்ணையையும் காலி செய்து முதலிலிருந்து கோப்பது. முதலாவது சுலபம், ஆனால் ஓர் இழை மாறிப் பிணைந்தால் அந்தக் கோளாறு புடவை நெடுகப் போகும். இரண்டாவது சுத்தம், ஆனால் எந்த இழை எங்கே இருந்தது என்று வேறெங்காவது குறித்து வைத்திருக்க வேண்டும். தறிக்காரர் எந்த வழியில் போனாலும் டிசைனின் அட்டைக் கட்டைத் தறியோடு சேர்த்து அவிழ்த்துப் போடுவதில்லை. அது தனியே மாட்டித் தொங்கும். விண்டோஸ் தன் பழைய பதிப்பைப் பத்து நாள் ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறது, பிடிக்காவிட்டால் திரும்பிப் போக. பத்து நாள் கழிந்தால் அதுவும் போய்விடும். அதே வட்டில் இருக்கிற பிரதியைப் பிரதி என்று எண்ணுவதும், எரிகிற வீட்டின் பரணில் நகைப்பெட்டியை ஏற்றி வைப்பதும் ஒன்றுதான்.

இங்கே ஞானமார்க்கத்தார் ஒருவர் குறுக்கிடுவார். இதெல்லாம் பற்று அல்லவா? படங்கள், கணக்குகள், பழைய கடிதங்கள் போனால் போகட்டும். நைந்த ஆடையைக் களைந்து புத்தாடை உடுப்பதுபோல உயிர் உடலை மாற்றுகிறது என்று கீதையே சொல்லவில்லையா? சொல்கிறது. ஆனால் அந்த உவமை எதைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். வாள் வெட்டாத, தீ எரிக்காத ஒன்றைப் பற்றிய பேச்சு அது. ஆடை மாறினாலும் உடுத்தியவனுக்கு ஒன்றும் ஆகாது என்பதால்தான் உவமை நிற்கிறது. இயங்குதளத்தை உடல் என்றும் கோப்புகளை ஆன்மா என்றும் வைத்துக்கொண்டால் உவமை உடனே கவிழ்கிறது. கோப்பை எதுவும் வெட்டும், எதுவும் எரிக்கும், வட்டில் ஒரு சிறு பிசகு போதும். இரண்டும் ஆடைதான். ராமானுசர் உடல் என்பதற்குக் கொடுத்த விளக்கம் இங்கே கைகொடுக்கிறது: எதை ஓர் ஆன்மா தாங்கி, இயக்கி, தன் பொருட்டே வைத்திருக்கிறதோ அது அதன் உடல். அந்த வரிசையில் உலகமே இறைவனின் உடல், எல்லாம் அவனுக்குச் சேஷம், அவன் சொத்து. அப்படியென்றால் ‘என்னுடையது போனால் போகட்டும்’ என்று சொல்ல நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அந்தக் குடும்ப வரலாறு தாத்தாவுடையது, படிக்கப்போகிற பேத்தியுடையது. கூலிக் கணக்கு தறியில் உட்கார்ந்தவருடையது. தன் பொருளைத் துறப்பது துறவு. பிறர் பொருளைத் தொலைப்பதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. பற்றை விடச் சொன்ன மரபில் வந்த தேசிகர்தான் பிணங்களுக்கு நடுவே இன்னொருவரின் சுவடியை அணைத்துக்கொண்டு கிடந்தார்.

சரி, கிளவுடில் போட்டுவிட்டோம், இனி கவலை இல்லை என்பார்கள் அடுத்து. இதற்கும் காஞ்சியிடம் பதில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், 1688 வாக்கில், முகலாயப் படைகளுக்கு அஞ்சி இந்த ஊரின் பெரிய கோயில்களிலிருந்து உற்சவ மூர்த்திகளைப் பிணம்போலப் பாடையில் கட்டி வெளியே கொண்டுபோனார்கள் என்பது செய்தி. வரதர் உடையார்பாளையம் காட்டுக்குப் போனார். ஆபத்து நீங்கியது. ஆனால் உடையார்பாளையத்துப் பாளையக்காரருக்கு அதற்குள் பெருமாளைப் பிரிய மனமில்லை, தர மறுத்துவிட்டார். துறவி ஆத்தான் ஜீயர் மன்றாடி, படைத்தலைவர் லாலா தோடர்மல் படையோடு போய் மிரட்டி, 1710இல்தான் வரதர் ஊர் திரும்பினார். கோயில் கல்வெட்டே அதற்குச் சாட்சி. காமாட்சியின் தங்க உருவான பங்காரு காமாட்சியோ திரும்பவே இல்லை. தஞ்சாவூரில் கோயில் கொண்டாள், சியாமா சாஸ்திரி குடும்பம் அங்கே பூசை செய்தது. ஆக, பாதுகாப்பாக வைத்த இடமே தர மறுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இன்று அது வேறு உருவில் வரும். கணக்கு முடங்கும், கடவுச்சொல் மறக்கும், பழைய கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி போகும். விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டை மறையாக்கம் செய்துவிடுகிறது. ஏதேனும் கோளாறானால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும்.  அந்த எண்ணை எழுதி பீரோவில் வைத்தவர்களுக்கு மட்டும் கவலை இல்லை. தவிரவும், கிளவுடில் ஒத்திசைவு என்பது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று ஒளிப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி இதனால்தான் இன்றும் நிற்கிறது. அதில் ஒன்று, நகல் எடுத்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கி வைத்த ஹார்ட் டிஸ்காக இருக்க வேண்டும். கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பதை வான்னாகிரை மாதிரியான நிரல்களும் எட்டிப் பிடிக்கும்.

நாற்பது ஆண்டு அனந்தசரஸ் குளத்தின் நீருக்கடியில் கிடந்து 1979இலும் 2019இலும் எழுந்து வந்த அத்திவரதரைப் பற்றி இந்த இடத்தில் பேசத் தோன்றும். ஆனால் திரும்பி வந்தது சரியானதுதானா என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமானது திருவரங்கத்துக் கதையின் முடிவு என்பது என் எண்ணம். நம்பெருமாள் திருமலை வரை சுற்றி 1371இல் அரங்கம் திரும்பினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு. இடையில் இன்னோர் உருவை எழுந்தருளச் செய்து பூசை நடந்திருந்தது. வந்தவர்தான் பழையவர் என்று எப்படி உறுதி செய்வது? பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் மாண்டுபோனார்கள். கோயிலொழுகு சொல்கிறது: கண் தெரியாத முதிய ஈரங்கொல்லி ஒருவர், பெருமாளின் திருமஞ்சன ஆடையை ஒரு காலத்தில் துவைத்தவர், முன்வந்தார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். அதைக் கொண்டே அடையாளம் கண்டு ‘இவரே நம்பெருமாள்’ என்றார். அரசனும் பட்டரும் செய்ய முடியாத சோதனையை அந்த ஆடையோடு தினமும் புழங்கிய ஒருவர் செய்தார்.

நகல் எடுத்தாயிற்று என்று கணினி சொல்வது சோதனை ஆகாது. கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருப்பதும் ஆகாது. தமிழில் இது இரட்டிப்பு உண்மை. ஒருங்குறி வீடுகளுக்குள் வருவதற்கு முன் நாம் பாமினியிலும் வானவில்லிலும் இன்னும் எத்தனையோ எழுத்துருக்களிலும் எழுதினோம். தமிழ்நாட்டு அரசே ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். அந்தக் காலத்துக் கோப்பில் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகளின் வரிசை இருக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழை உடுத்துகிறது. எழுத்துருக்கள் சொந்தக் கோப்புகளோடு இருப்பதில்லை, விண்டோஸின் உள்ளறையில் இருக்கும். புதிதாக நிறுவினால் அவை போய்விடும். கோப்பு ஒரு பைட் குறையாமல் வந்து சேர்ந்திருக்கும், படிக்க முடியாது. டேலியின் டேட்டாவும் பல வீடுகளில் ‘டாக்குமெண்ட்ஸ்’ ஃபோல்டருக்கு வெளியேதான் இருக்கிறது. அதனால் பொத்தானைத் தொடுவதற்கு முன், ஹார்ட் டிஸ்கை வேறொரு கணினியில் செருக வேண்டும். கணக்கைக் கணக்கு எழுதுகிறவர் திறக்கட்டும், டிசைனை அட்டை அடிக்கிறவர் திறக்கட்டும். தாத்தாவின் குடும்ப வரலாற்றையும் திறந்து, முதல் வரியில் ஊர்ப்பெயர் காஞ்சிபுரம் என்று வருகிறதா, அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாக வருகிறதா என்று வீட்டில் அதைப் படித்திருக்கிற யாராவது ஒருவர் பார்க்கட்டும். அதுவரை பொத்தான் அங்கேயே இருக்கும்.